சகலைக்காகப் போன சகலை

மார்ச் 3

அன்புள்ள சகலைக்கு,

இங்கே நலம். அங்கே நீங்களும் சின்னவளும் நலமா? உங்கள் கழுத்து வலி தேவலையா? நாள் பூராவும் குனிந்து உட்கார்ந்து பல் செதுக்குகிறவருக்குக் கழுத்து வலிக்காமல் வேறு என்ன வலிக்கும் என்கிறாள் பெரியவள். அவள் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே.

கடிதம் வீட்டுக்கு வராமல் நீங்கள் செயற்கைப் பல் செய்யும் லேபுக்கு வந்திருப்பதைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். காரணம் இருக்கிறது. அக்கா பெரியவளை நானும் தங்கை சின்னவளை நீங்களும் கட்டிக்கொண்டதிலிருந்து நம் இருவருக்கும் ரகசியம் என்று ஒன்று கிடையாது. காலையில் நான் இங்கே தும்மினால் மத்தியானத்துக்குள் அங்கே சின்னவள் "அத்தானுக்கு ஜலதோஷமாமே" என்பாள். போனில் பேசலாம் என்றால் பெரியவள் பக்கத்திலேயே நிற்கிறாள். எழுதி அனுப்பலாம் என்றால் என் போனை முதலில் படிப்பதே அவள்தான். கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு நானே கொடுத்த அதிகாரம் அது. ஆகையால் தபால். பதிலை நான் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூல் முகவரிக்கே போடுங்கள்.

விஷயம் என் வலது கால்.

பயிற்சிக் காரில் ஓட்டுகிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் எனக்கு ஒரு பிரேக். என்னுடையது ஆபத்துக்கு மட்டும். இத்தனை வருஷத்தில் அதை மிதித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். போன மழைக்காலத்தில் ஒரு வங்கிக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தபோது சந்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. நான் மிதித்தேன், கார் நின்றது. சைக்கிள்காரர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. நடந்தது அவ்வளவுதான்.

அன்றிலிருந்து கால் அந்தப் பிரேக்கை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. தெருவில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் மிதிக்கிறேன். போன வாரம் என்னிடம் கற்றுக்கொண்ட தையற்காரப் பெண் ஒருத்தி பரீட்சைக்குப் போனாள். பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்திருந்தார், நான் இல்லை. நேராகப் போய்த் தடுப்புக் கம்பியில் இடித்துவிட்டாள். வெளியே வந்து என்னிடம் சொன்னாள்: "பிரேக் போடணும்னு எனக்குத் தோணவே இல்ல சார். இத்தனை நாளும் அதுவா நின்னுச்சே." எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

முதலாளி கூப்பிட்டுவிட்டார். "ஜூன் முடியிறவரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள காலைச் சரி பண்ணிக்கங்க. இல்லன்னா வேற ஆளை உக்கார வெக்கணும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த இருக்கை போய்விட்டால் எனக்கு வேறு எதில் உட்காரத் தெரியும், சொல்லுங்கள்.

பஸ்ஸில் ஏறினாலும் இதே கதை. கால் தரையில் பிரேக்கைத் தேடுகிறது, கிடைக்காமல் எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. எங்கே போனாலும் நடந்தே போகிறேன். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று பெரியவளிடம் புளுகி வைத்திருக்கிறேன். உண்மையில் எலும்பு டாக்டரைப் பார்த்தேன். காலில் ஒன்றும் இல்லை, மனநல ஆலோசகர் யாரையாவது பாருங்கள் என்றுவிட்டார். எனக்கென்ன பைத்தியமா? அடிபட்டிருந்தாலாவது ஒரு நியாயம் உண்டு. ஒன்றுமே நடக்காததற்கு யாராவது வைத்தியம் பார்த்துக்கொள்வார்களா? நீங்கள் நாலு எழுத்துப் படிப்பவர். ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரிய சகலை

மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இருவரும் நலம். கழுத்து வலி இருக்கிறது, ஆனால் முன்னைப்போல் இல்லை. குனியும் வேலை குறைந்துவிட்டது. லேபில் ஒரு இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள். நான் ஒரு நாள் உட்கார்ந்து செய்யும் பல்லை அது ஒரு சாப்பாட்டு வேளைக்குள் கடைந்து துப்பிவிடுகிறது. ஐந்து மணிக்கே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை அண்ணா. உங்களுக்குப் பைத்தியமும் இல்லை.

ஒரு யோசனை. எங்கள் லேபுக்கு எதிரே பஸ் நிறுத்தம், அதன் பின்னால் கண்ணாடிக் கடை, அந்தக் கடை மாடியில் ஒரு மனநல ஆலோசகர் இருக்கிறார். பெயர்ப்பலகையைத் தினமும் பார்க்கிறேன். நீங்கள் நேரே போக வெட்கப்படுகிறீர்கள் என்றால் உங்களுக்குப் பதிலாக நான் போகிறேன். நம் மாமனாரை நினைத்துப் பாருங்கள். மருந்துக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "ஆள் வரவேண்டாம், விவரம் வந்தா போதும்" என்று இரண்டு குடும்பத்துக்கும் காய்ச்சல், இருமல், வயிற்றுவலி அத்தனையும் பார்த்தாரே, நாம் என்ன கெட்டா போனோம்? என் தொழிலும் அதுதான். எந்த வாயையும் நான் நேரில் பார்த்ததில்லை. அச்சு வரும், பல் போகும்.

ஆகவே உங்கள் அச்சை அனுப்புங்கள். எப்போது அதிகம், எப்போது குறைவு, தூக்கம் எப்படி, பசி எப்படி, எல்லாம் எழுதுங்கள். நான் நீங்களாகப் போய் வைத்தியத்தை வாங்கி வந்துவிடுகிறேன். அக்காவுக்கு மூச்சு விடமாட்டேன். நீங்களும் சின்னவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள சகலைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிக்கொண்டே போனால் தபால்தலைக்கு நட்டம், நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் யோசனை அபாரம். மாமனாரின் மூளை மகள்களுக்குப் போகாமல் மாப்பிள்ளைக்கு வந்திருக்கிறது.

இதோ அச்சு. காரில் ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பிக்கும். மாணவர் மெதுவாக ஓட்டினாலும் வேகமாக ஓட்டினாலும் ஒன்றுதான். கையில் வியர்வை, வாய் உலர்ந்துவிடும். தூக்கம் வருகிறது, ஆனால் கனவிலும் மிதிக்கிறேன். பசிக்குக் குறைவில்லை. வேலை முடிந்து காரை விட்டு இறங்கி வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியதும் பாதி பாரம் போய்விடும். வாசலில் நுழைந்தால் முழுதும் போய்விடும். பெரியவள் ஏதாவது ஒன்றுக்குத் திட்டிக்கொண்டிருப்பாள், அதைக் கேட்டால் மனசு ஆறும்.

மாத்திரை கொடுத்தால் காலையில் சாப்பிடுகிற மாத்திரையாக வாங்குங்கள். பெரியவள் அப்போது குளித்துக்கொண்டிருப்பாள்.

உங்கள்,
கால்கட்டுச் சகலை

ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போய் வந்தேன். மாடியில் சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், கீழே கடையில் கண்ணாடி மாட்டிப் பார்க்கிறவர்களின் பேச்சு மெல்லக் கேட்கிறது. ஆலோசகர் ஒரு அம்மா, நம்மைவிட வயதில் சின்னவர். நீட்டிப் படுக்கவைத்து எதையோ ஆட்டிக் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதெல்லாம் இல்லை. "இங்க பேசறது இங்கயே இருக்கும்" என்று சொன்னார், பிறகு நான் பேசுவதற்காகக் காத்திருந்தார்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் என்று ஆரம்பித்து உங்கள் கடிதத்தை ஒப்பித்தேன். எந்தக் கால் என்று கேட்டார். இந்தக் கால் என்று தூக்கிக் காட்டினேன். நல்லவேளை, அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முக்கியமாக நீங்கள் கேட்டதைக் கேட்டுவிட்டேன். ஒன்றும் நடக்காதவன் வரலாமா, எவ்வளவு முற்றிய பிறகு வரவேண்டும் என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முத்தணும்னு யாரு சொன்னது? தூக்கத்தையோ வேலையையோ வீட்டு மனுஷங்களையோ அது தொட ஆரம்பிச்சு, வாரக்கணக்கா விலகலைன்னா வந்துடலாம். எதையும் தொடலைன்னாலும் வரலாம், நாங்க திருப்பி அனுப்பிட மாட்டோம்." மாத்திரை இவர் தருவதில்லையாம். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவாராம். இவர் வேலை பேச்சும் பயிற்சியும்தான். ஒரே தடவையில் தீராது, பல வாரம் வரவேண்டியிருக்கும் என்றார்.

நிறையக் கேள்வி கேட்டார். சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது எப்படி இருக்கும் என்று கேட்டார். கஷ்டமாக இருக்கும், கதவு வரைக்கும் போவேன், உள்ளே போக மனசு வராது என்று சொன்னேன். எவ்வளவு நாளாக என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றேன். அதற்குள் நேரம் ஆகிவிட்டது. அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.

இப்படிக்கு,
தம்பி

மே 8

அன்புள்ள சகலைக்கு,

நலம். உங்கள் கடிதம் கிடைத்தது. பேசினாலே தீரும் என்றால் பெரியவளுக்கு இந்த ஜென்மத்தில் ஒரு வியாதியும் வரக்கூடாது. இருந்தாலும் அந்த அம்மா சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்தது. வேலையைத் தொட்டுவிட்டது, வாரக்கணக்கும் தாண்டிவிட்டது. அவர் கணக்குப்படி நான் போகவேண்டியவன்தான். அதுதான் நீங்கள் போயிருக்கிறீர்களே.

ஆனால் ஒன்று இடிக்கிறது. வீட்டுக்குப் போக மனசு வராது என்று நான் எழுதவே இல்லையே. எனக்கு வீடு வந்தால்தான் நிம்மதி என்று எழுதியிருந்தேன். என் சைக்கிள் விவகாரம் நடந்தே ஒரு வருஷம் ஆகவில்லை. நீங்கள் ஒரு வருஷத்துக்கு மேல் என்று சொல்லியிருக்கிறீர்கள். வாயில் வந்ததைச் சொன்னீர்களா, இல்லை என் கடிதத்தைச் சரியாகப் படிக்கவில்லையா? வேறொருவருடைய அச்சைக் கொடுத்தால் பல் எனக்குப் பொருந்துமா?

அடுத்த முறை திருத்திச் சொல்லிவிடுங்கள். அப்புறம், அந்த அம்மாவிடம் தூக்கிக் காட்டியது வலது கால்தானே?

சின்னவளை விசாரித்ததாகச் சொல்ல முடியாது, சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். மனசுக்குள் விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
பெரிய சகலை

மே 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். மன்னிக்கவேண்டும், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன். நீங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அம்மா மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடச் சொன்னார். காரில் ஏறுமுன் செய்து பாருங்கள். எனக்கு இப்போது வேலை அதிகம். உடனே பதில் வராவிட்டால் கவலைப்படாதீர்கள்.

தம்பி

ஜூன் 21

அன்புள்ள சகலைக்கு,

நலமா? உங்கள் துண்டுக் கடிதத்துக்கு அன்றே பதில் போட்டேன். மறுபடியும் ஒன்று போட்டேன். இது மூன்றாவது.

மூச்சுப் பயிற்சி செய்கிறேன். மூச்சு நன்றாகத்தான் போய் வருகிறது. கால் அதைச் சட்டை செய்வதாக இல்லை. முதலாளி காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அது கிடக்கட்டும்.

பெரியவளிடம் நைசாகக் கேட்டேன், சின்னவள் வீட்டுக்காரர் எப்படி இருக்கிறாராம் என்று. "அவருக்கென்ன, தினமும் ஓவர்டைம். வீட்டுக்கு வர ஏழு ஏழரை ஆகுதாம். கொஞ்சம் இளைச்சிருக்காராம், பேச்சும் குறைஞ்சுடுச்சாம்" என்றாள். நான் உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்து மணிக்கே அனுப்பிவிடுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஐந்திலிருந்து ஏழு வரைக்கும் எங்கே இருக்கிறீர்கள்?

சகலை, கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு ஒன்று பழகிவிட்டது. ஒருவர் ரோட்டைப் பார்க்கிறாரா, பார்ப்பதுபோல இருக்கிறாரா என்று தெரிந்துவிடும். கதவு வரை போய் நின்றுவிடுகிற ஆள் நான் இல்லை. அது நீங்கள்தான். உங்கள் ஏப்ரல் கடிதத்தை நான் படித்த லட்சணத்தை நினைத்தால் என் மேலேயே கோபமாக வருகிறது. உங்களை நக்கல் பண்ணி எழுதினேன்.

சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியவில்லை, நேராகவே கேட்கிறேன். உயிரை விட்டுவிடலாம் என்கிற மாதிரி எண்ணம் ஏதாவது வருகிறதா? வந்தால் வருகிறது என்று எழுதுங்கள். நான் அதிர்ந்துபோய் விழுந்துவிடமாட்டேன். பதில் எழுதக் கை வராவிட்டால் வெறும் உறையையாவது அனுப்புங்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்,
சகலை

ஜூலை 2

அன்புள்ள சகலைக்கு,

உங்கள் உறை வரவில்லை. ஆகவே நம் ஒப்பந்தத்தை நான் உடைத்துவிட்டேன். நேற்று மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் பெரியவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் கால், உங்கள் யோசனை, கண்ணாடிக் கடை மாடி, இந்த ஓவர்டைம், எல்லாம்.

என் காலைப் பற்றிச் சொல்லத் தொடங்கியதுமே கையை நீட்டி நிறுத்தினாள். "அது எனக்குத் தெரியாதா? சாப்பிடும்போது உங்க கால் மேசைக்கு அடியில தரையைத் தேய்ச்சிட்டே இருக்கு. சத்தம் கேக்கக்கூடாதுன்னு நான்தானே அங்க ஒரு துணியை மடிச்சுப் போட்டேன்" என்றாள். குனிந்து பார்த்தேன். துணி இருந்தது. எத்தனை மாதமாக இருக்கிறதோ, அதன்மேல்தான் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள்.

உங்கள் விஷயத்துக்கு வந்தபோது அவள் முகம் மாறிவிட்டது. "ஆள் வராம விவரம் மட்டும் அனுப்பற புத்தி எங்க அப்பா கத்துக்குடுத்தது. அவரும் நெஞ்சு வலியை அப்படித்தான் மறைச்சு வெச்சாரு" என்று சொல்லிக்கொண்டே சின்னவளுக்குப் போன் போட்டாள். நான் தடுக்கவில்லை. தடுக்கவேண்டும் என்றும் தோன்றவில்லை. இதற்காக என்னை நீங்கள் எவ்வளவு திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். சின்னவளிடம் உங்களைக் குடைந்து எடுக்கவேண்டாம் என்று மட்டும் சொல்லச் சொன்னேன்.

மற்றபடி, ஜூனோடு என் தவணை முடிந்தது. காரில் இப்போது வேறொருவர் உட்காருகிறார். எனக்கு வாசல் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள், புதிதாகச் சேருகிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ள. கார் வெளியே போகும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

உங்கள்,
சகலை

ஜூலை 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் இருக்கை போன செய்தியைப் படித்தேன். நான் ஒழுங்காகப் போயிருந்தால், இல்லை உங்களைப் போகச் சொல்லியிருந்தால், உங்களுக்கு மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். திட்டச் சொன்னீர்கள். எனக்குத் திட்ட வரவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஐந்தரைக்கெல்லாம் கட்டடத்துக்கு வந்துவிடுவேன். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடத்தில் உட்கார்ந்துவிடுவேன். யாராவது வந்தால் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவுவேன். வீட்டில் சண்டை கிடையாது. சின்னவள் பாவம், ஒரு குறையும் வைத்ததில்லை. உள்ளே போனால் சிரிக்கவேண்டும், சாப்பிட்டது ருசித்தது என்று சொல்லவேண்டும். எனக்கு ஒன்றும் ருசிக்கவில்லை அண்ணா. ஏன் என்று தெரியவில்லை. இயந்திரம் வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. உயிரை விடவேண்டும் என்று எண்ணியதில்லை. ஆனால் காலையில் விழிப்பு வராமல் போனாலும் பரவாயில்லை என்று சில நாள் தோன்றியது உண்டு. அதை எழுதக் கை வராமல்தான் உங்கள் மூன்று கடிதமும் பையிலேயே கிடந்தன. உறையையாவது அனுப்பியிருக்கலாம்.

அந்தப் பலகையை ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்காக ஏறத் துணிச்சல் வரவில்லை. உங்களுக்காக என்றதும் கால் தானாகப் படி ஏறிவிட்டது.

அந்த அம்மா முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாராம். முதலில் இடது காலைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன், பிறகு வலது காலை. நான் கார் ஓட்டியதே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டாவது முறை போனபோது சொன்னார்: "அந்தக் கால் யாரோடதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா வீட்டுக்குப் போறதைப் பத்திக் கேட்டப்ப குரல் உடைஞ்சது உங்களுக்கு. எதிர்ல இல்லாதவருக்கு என்னால வைத்தியம் பாக்க முடியாது. எதிர்ல உக்காந்திருக்கறவருக்கு முடியும்." நான் எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பஸ்ஸுக்குக்கூட அடுத்த நிறுத்தத்துக்கு நடந்தேன்.

நீங்கள் அக்காவிடம் சொன்ன மறுநாள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மேலே கதவு திறந்தது. சின்னவள் இறங்கி வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. மேல்வீட்டுக்காரர் கடந்து போனார். நான் பையைத் துழாவப் போனேன், அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் போனதும், "நாளைக்கு வந்ததும் கீழேர்ந்து ஒரு குரல் குடுங்க. நானும் வந்து உக்காந்துக்கறேன்" என்றாள். அப்போது அழுதேன். கல்யாணமாகி அவள் எதிரில் அழுதது அதுதான் முதல் தடவை.

மறுபடியும் கண்ணாடிக் கடை மாடி ஏறிவிட்டேன், இந்த முறை என் பெயரில். காலையில் விழிப்பு வராவிட்டால் பரவாயில்லை என்று தோன்றியதையும் சொல்லிவிட்டேன். அவர் பதறவில்லை. அப்படித் தோன்றும் நாளில் யாருக்குப் போன் பண்ணவேண்டும் என்று ஒரு தாளில் என்னையே எழுதச் சொன்னார். உங்கள் எண்ணையும் எழுதியிருக்கிறேன். ஒரு மனநல மருத்துவரையும் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

உங்கள் காலைப் பற்றியும் கேட்டேன். நான் பல் செய்கிறவன் என்று அதற்குள் தெரிந்துவிட்டது. "அச்சு எடுக்கறதுக்காவது அவர் வாயைத் திறக்கணும் இல்லையா?" என்றார். நீங்கள் போய்த்தான் ஆகவேண்டும் அண்ணா.

இப்படிக்கு,
தம்பி

ஆகஸ்ட் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நேற்று பெரியவளும் சின்னவளும் போனில் பேசி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. முன்பெல்லாம் எரிச்சலாக இருக்கும். நேற்று நானே நாற்காலியை நகர்த்திப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று இரண்டு வாய் கூடச் சாப்பிட்டீர்களாம். தகவல் வந்துவிட்டது.

போய் வந்தேன். ஆலோசகர் இங்கே ஒரு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருக்கிறார், ஆண். பெரியவள் கூட வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே போனதும், "என்னத்தச் சொல்றது சார், கார்ல ஒண்ணுமே நடக்கல" என்றேன். "பரவாயில்ல, கார்ல யார் யார் எங்க உக்காந்திருந்தீங்க, அங்கேர்ந்து சொல்லுங்க" என்றார். சொல்லிக்கொண்டு வந்தேன். சைக்கிள் குறுக்கே வந்த இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் அவசரப்படுத்தவில்லை.

இதுவரை யாருக்கும் சொல்லாத ஒன்றை, எனக்கே சொல்லிக்கொள்ளாததை, அங்கே சொன்னேன். அந்த நேரத்தில் நான் சைக்கிளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் பார்த்தேன். வங்கிக்காரர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். ஓடுகிற காரில் நான் ஒருவன்தான் இருந்தேன். அன்றிலிருந்து யார் ஓட்டினாலும் அவர் கண்ணை மூடிவிடுவார் என்றே இந்தக் கால் நினைக்கிறது. சொல்லி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணும் கலங்கிவிட்டது. அதை உங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

கால் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் ஒரு ஆட்டோ உறுமியது, கால் சட்டென்று மிதித்தது. பெரியவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். பஸ்ஸில் ஒரே ஒரு நிறுத்தம் போகவேண்டும். கால் பிரேக்கைத் தேடினால் தேடட்டும், அதை மடக்கி ஒளிக்கக்கூடாது. பழகியபின் இரண்டு நிறுத்தம், மூன்று நிறுத்தம். முதலாளியிடம் சொன்னேன். "சரி, அந்த மேசையிலயே கொஞ்ச நாள் இருங்க. கார் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். திரும்பக் கிடைக்குமா என்று தெரியவில்லை.

மனநல மருத்துவர் கொடுத்த மருந்தை வேளைக்குச் சாப்பிடுங்கள். படிக்கட்டில் உட்கார்ந்தால் கீழே ஏதாவது விரித்துக்கொள்ளுங்கள், சின்னவளுக்குச் சளி பிடிக்கும்.

உங்கள்,
சகலை

செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அக்காவுக்கும் வணக்கம், இனி அவரும் படிப்பார் என்பதால்.

வாரம் தவறாமல் போகிறேன். சில வாரம் நன்றாகப் பேச்சு வருகிறது. சில வாரம் கீழ்க்கடைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருக்கிறோம். அதற்கும் காசு வாங்கிக்கொள்கிறார் என்று சின்னவள் கிண்டல் பண்ணுகிறாள். தூக்கம் கொஞ்சம் கூடியிருக்கிறது. போன புதன்கிழமை நேராக மேலே ஏறி வீட்டுக்குள் போய்விட்டேன். வியாழக்கிழமை மறுபடியும் படியில் உட்கார்ந்தேன். இப்படித்தான் ஏறியும் இறங்கியும் போகும் என்று அந்த அம்மா முன்பே சொல்லியிருந்தார், அதனால் பயப்படவில்லை.

உங்களைப் பார்க்கவேண்டும் போல இருக்கிறது. ஆனால் ஐந்து மணி நேரப் பஸ் உங்களால் முடியாது, எனக்கும் இப்போது நீண்ட பயணம் ஒத்துவராது என்று தெரியும். அதனால் கூப்பிடவில்லை. தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

அன்பு மாறாத,
தம்பி

அக்டோபர் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பெரியவள் இந்தக் கடிதத்தைப் பார்க்கவில்லை. நீங்களே எழுதிக்குங்க, நான் எதுக்கு என்று எழுந்து போய்விட்டாள்.

ஒரு நிறுத்தத்தில் ஆரம்பித்தவன் இப்போது இந்த ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்புகிறேன். முதல் தடவை நடுவழியில் இறங்கி ஓடிவந்துவிட்டேன். இரண்டாவது தடவையும் அப்படித்தான். போன வாரம் கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து, "இறங்கலையா சார்?" என்று கேட்கும்வரை உட்கார்ந்திருந்தேன். கால் இன்னும் தேடுகிறது, ஆனால் தேடிக் களைத்துப் போகிறது. மேசைதான் இன்னும் என் இடம். கார் வெளியே போகும்போது திரும்பிக்கொள்வதை மட்டும் விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறுகிறேன், உங்கள் ஊருக்கு. ஆலோசகர் இன்னும் ஒரு மாதம் போகட்டுமே என்றார். உங்கள் கடைசிக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சரி, போய்ப் பாருங்கள் என்றார். பெரியவளும் வருகிறாள். பாதியில் இறங்கிவிட நேரலாம். இறங்கினால் அடுத்த பஸ்ஸில் ஏறுவோம், அதிலும் முடியாவிட்டால் அதற்கடுத்ததில். ஆகையால் எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்ல முடியாது. இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

வயசில் மூத்தவன், நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பஸ் நிலையத்துக்கு வா. அலையவேண்டாம், நாங்களே வந்துவிடுவோம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் வா. சின்னவளையும் கூட்டிக்கொண்டு வா. இறங்கும்போது எனக்குச் சட்டை நனைந்திருக்கும், படியில் தடுமாறுவேன். கையைக் கொடு.

உன்,
சகலை